பேசுவதற்கு முன்னால் உடம்பு அடங்கட்டும்

கணவன் மனைவி சண்டை முற்றினால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இரு பக்கப் பெரியவர்களும் கூடத்தில் உட்காருவார்கள். அவன் குறையை அவளும் அவள் குறையை அவனும் சொல்வார்கள். "நீ கொஞ்சம் விட்டுக் கொடு, நீயும் கோபத்தைக் குறைச்சுக்கோ" என்று சொல்லி முடித்துவைப்பார்கள். பல கவுன்சலிங் அறைகளிலும் இதே வேலைதான் நடக்கிறது. சொல்லப்படும் அறிவுரையில் பெரும்பாலும் தப்பு இருக்காது. அதைக் கேட்டுக்கொள்ளும் நிலையில் அந்த இரண்டு உடம்புகளும் இல்லை என்பதுதான் சிக்கல். நெஞ்சு படபடக்க, தாடை இறுக, அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்று மனம் தேடிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு நல்ல வார்த்தையும் காதில் ஏறாது.

உடனிருப்பை, அதாவது எதிரில் இருப்பவரோடு இந்தக் கணத்தில் முழுக் கவனத்தோடு இருப்பதை, மையமாக வைத்த ஆலோசனை இந்த இடத்தில் தொடங்குகிறது. கதையை முழுக்கக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த நிமிடம் இவருக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறது. மாமியார் பேச்சு வந்ததும் குரல் ஏன் தாழ்ந்தது? பணம் என்றதும் கை ஏன் துப்பட்டா நுனியை முறுக்குகிறது? ஆலோசகர் அதைக் கவனிக்கிறார், பதமாக எடுத்துச் சொல்கிறார், அந்த உணர்வோடு கொஞ்ச நேரம் இருக்க உதவுகிறார்.

இதற்கு நல்ல ஆராய்ச்சிப் பின்னணி உண்டு. ஒருவர் மாற வேண்டுமானால் சிகிச்சை உறவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 1957இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் ஒரு கட்டுரையில் வரையறுத்தார். பாசாங்கில்லாமல் இருப்பது, நிபந்தனையில்லாமல் ஏற்பது, எதிரில் இருப்பவரின் உலகத்தை அவர் பார்க்கிறபடியே பார்க்க முயல்வது ஆகிய மூன்றும் இன்றும் பயிற்சியின் முதல் பாடம். அவரோடு சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யூஜின் ஜெண்ட்லின், சிலர் மட்டும் தேறுகிறார்களே, அது ஏன் என்று கேட்டார். பதிவு செய்யப்பட்ட அமர்வுகளை அவர் குழு ஆராய்ந்தபோது, தேறியவர்களிடம் ஒரு பழக்கம் தென்பட்டது. அவர்கள் பேச்சை நடுவில் நிறுத்தினார்கள், சொல் கிடைக்காமல் தடுமாறினார்கள், "கோபம்னு சொல்ல முடியாது, வேற ஏதோ..." என்று உள்ளே தேடினார்கள். இந்தத் தேடலை மற்றவர்களுக்கும் கற்றுத்தர முடியும் என்று அவர் ஆறு படிகளாக வகுத்தது 1978இல் நூலாக வந்தது.

தனிநபர் அமர்வு எப்படிப் போகும் என்று அந்தப் படிகளை வைத்தே சொல்லலாம். வழக்கமாக 50 நிமிடம். முதல் 5 நிமிடம் வந்து சேர்வதற்கு: இரண்டு பாதமும் தரையில், முதுகு நாற்காலியில், அறையில் கேட்கும் சத்தங்களைக் கவனித்தல், 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து 6 எண்ணும் வரை விடுதல். இப்படி விட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். ஆறேழு சுற்று போதும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் இதயத்துடிப்பு தணியும், அதனால்தான் இந்தக் கணக்கு. மூச்சை நடுவில் அடக்கிப் பிடிக்கச் சொல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. பதற்ற நோய் உள்ளவர்களுக்கு அது மூச்சுத் திணறலை நினைவூட்டி நிலைமையைக் கெடுக்கும்.

அதன் பிறகு, இப்போது என்னென்ன பாரங்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்வோம். மகளின் ஃபீஸ், அப்பாவின் சுகர், அலுவலகத்தில் வந்த அந்த மெயில். எதற்குள்ளும் இறங்க வேண்டாம், இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் போதும். பிறகு அதில் ஒன்றை மட்டும் எடுத்து, அதை நினைக்கும்போது தொண்டை, நெஞ்சு, வயிறு இந்தப் பகுதியில் என்ன தெரிகிறது என்று பார்க்கச் சொல்வோம். தெளிவில்லாத, சொல்லில் அடங்காத ஏதோ ஒன்று 30 நொடியில் வரலாம், 2 நிமிடம் கழித்தும் வரலாம். இந்தக் காத்திருப்பில்தான் ஆலோசகரின் திறமை தெரியும். பழக்கமில்லாதவர் பத்து நொடி மௌனத்தையும் தாங்க முடியாமல் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவார், தேடல் அங்கேயே அறுந்துவிடும்.

அடுத்தது அதற்கு ஒரு சொல் தேடுவது. நம் பேச்சில் இதற்குப் பஞ்சமே இல்லை. நெஞ்சு கனக்குது, வயித்தைப் பிசையுது, தொண்டையை அடைக்குது, ஈரக்குலை நடுங்குது என்று வீட்டில் சாதாரணமாகப் பேசுகிறவர்கள், கவுன்சலர் முன்னால் வந்ததும் 'ஸ்ட்ரெஸ்', 'டிப்ரஷன்', 'டென்ஷன்' என்று மாறிவிடுகிறார்கள். படித்தவர் முன்னால் அப்படித்தான் பேச வேண்டும் என்ற தயக்கம். அவர் "வயித்தைப் பிசையுது" என்றால் ஆலோசகரும் "வயித்தைப் பிசையுது" என்றே திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆங்சைட்டியா இருக்கு, அப்படித்தானே?" என்று மாற்றினால் அவர் உடனே தலையாட்டிவிடுவார், கையில் இருந்த இழை போய்விடும். சொன்ன சொல்லை மறுபடி உடம்போடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது நான்காம் படி. "பிசையறதுன்னு சொல்றது சரியா இருக்கா, இல்ல வேற மாதிரியா?" பொருந்தினால் ஒரு பெருமூச்சு வரும், தோள் இறங்கும். சில நேரம் கண் நிறையும். அதன் பிறகுதான் "இதுல எது இவ்வளவு பிசையுது?" என்ற கேள்வி. வருகிற பதில் சின்னதாக இருந்தாலும் அதை வரவேற்று, விவாதிக்காமல் ஏற்றுக்கொள்வது கடைசிப் படி. முதலிலிருந்து கடைசி வரை 20 முதல் 25 நிமிடம் ஆகும். மீதி நேரம் பேசவும், கிளம்பும் முன் நிலைக்கு வரவும். கண் கலங்கியபடி யாரையும் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பக் கூடாது. கடைசி 7, 8 நிமிடம் தண்ணீர், சுற்றிப் பார்த்தல், வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறார் என்ற நடைமுறைப் பேச்சு.

எல்லோருக்கும் இது ஒத்துவராது என்பதைப் பலர் சொல்வதில்லை. சிறு வயதில் பாலியல் துன்புறுத்தலோ, விபத்தோ, அடி உதையோ கடந்து வந்தவருக்குக் கண்ணை மூடி உள்ளே பார்ப்பது அமைதி தராது, திகிலைத்தான் கிளப்பும். முகம் வெளுப்பது, பார்வை ஓரிடத்தில் குத்திட்டு நிற்பது, கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் வருவது, கை மரத்துப்போகிறது என்பது எல்லாம் எச்சரிக்கை அறிகுறிகள். உடனே கண்ணைத் திறக்கச் சொல்லி, பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லி, அறையில் தெரியும் 5 பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்ல வேண்டும். அன்றைக்கு உள்ளே போகும் வேலை அத்தோடு நிற்க வேண்டும்.

ஆலோசகர் தரப்பில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அனுபவமுள்ள சிகிச்சையாளர்களைப் பேட்டி கண்டு ஷாரி கெல்லரும் லெஸ்லி கிரீன்பெர்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, உடனிருப்பு அமர்வுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்று காட்டியது. அடுத்தடுத்து ஆறு பேரை இடைவெளி இல்லாமல் பார்க்கும் ஒருவரிடம் நான்காவது ஆளுக்கு மிச்சம் இருப்பது வெறும் தலையாட்டல்தான். இரண்டு அமர்வுகளுக்கு நடுவில் குறைந்தது 10 நிமிடம் வேண்டும். முந்தையவரின் குறிப்பை எழுதி முடித்து, போனை வேறு அறையில் வைத்து, எழுந்து நடந்து, தன் உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆன்லைன் அமர்வென்றால் ஹெட்போன் கட்டாயம். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டு, யாராவது அறைக்குள் வந்தால் சொல்ல ஒரு சாதாரண வார்த்தையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இருவராக வரும்போது

தம்பதி அமர்வுக்கு 50 நிமிடம் பற்றாது, 75 முதல் 90 நிமிடம் ஒதுக்க வேண்டும். முதல் முறை இருவரும் சேர்ந்து, பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு தடவை, அதற்குப் பிறகு மறுபடி சேர்ந்து. தனி அமர்வைத் தவிர்க்கவே கூடாது. அடி, மிரட்டல், தற்கொலை எண்ணம், வேறு உறவு பற்றி எல்லாம் துணை பக்கத்தில் இருக்கும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தனியாகச் சொன்னதை ஆலோசகர் என்ன செய்வார் என்பதையும் முதல் நாளே இருவரிடமும் சொல்லிவிட வேண்டும். அது தெளிவாகாமல் போனால், மூன்றாவது வாரம் ஒருவரின் ரகசியத்தைச் சுமந்துகொண்டு மற்றவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், உடனிருப்பு அங்கே செத்துவிடும்.

நாற்காலிகளை எப்படிப் போடுகிறோம் என்பதும் வேலையில் சேர்த்திதான். இருவரையும் சோபாவில் ஒட்டி உட்கார வைத்தால் இருவரும் ஆலோசகரைப் பார்த்தே பேசுவார்கள், அது நீதிமன்றம் ஆகிவிடும். தனித்தனி நாற்காலி, லேசாக ஒருவரை ஒருவர் நோக்கித் திருப்பி, நேருக்கு நேர் முட்டாத கோணத்தில், நடுவில் மேஜை இல்லாமல் போட வேண்டும்.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளை ஆய்வகத்தில் வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், சண்டையின்போது அவர்களுடைய இதயத்துடிப்பையும் அளந்தார். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் மற்றவர் சொல்வது உள்ளே போவதில்லை, நகைச்சுவை போய்விடுகிறது, தற்காப்பு மட்டும் மிஞ்சுகிறது என்பது அவர் முன்வைத்த கருத்து. ஒரு பரிசோதனையில், கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிச் சண்டையை நிறுத்தி, சுமார் அரை மணி நேரம் பத்திரிகை படிக்கச் சொன்னார்கள். திரும்பி வந்து அதே விஷயத்தைப் பேசியபோது அவர்கள் வேறு ஆட்களைப் போல நடந்துகொண்டார்கள். குறைந்தது 20 நிமிட இடைவெளி என்ற விதி இதிலிருந்துதான் வருகிறது. சண்டையில் ஏறிய உடம்பு தணிவதற்கு அந்த நேரம் தேவை. வீட்டிலேயே பழகலாம்: மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணி 4ஆல் பெருக்குங்கள். 15 நொடியில் 25ஐத் தொட்டால் பேச்சை நிறுத்துங்கள். தடகள வீரர்களுக்கு இந்த எல்லை கொஞ்சம் கீழே இருக்கும்.

இந்த இடைவெளிதான் பெரும்பாலான வீடுகளில் தப்பாகப் போகிறது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து பைக்கை எடுத்துக்கொண்டு போவது இடைவெளி ஆகாது, விட்டுவிட்டுப் போவதாகத்தான் மற்றவருக்குப் படும். அவர் துடிப்பு இன்னும் ஏறும். கிளம்புகிறவர் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லியாக வேண்டும்: "எனக்கு இப்ப பேச முடியல. எட்டரைக்கு வந்து உட்கார்றேன்." சொன்ன நேரத்துக்கு அவரே வந்து பேச்சைத் தொடங்க வேண்டும். இன்னொரு தவறு, இடைவெளியில் மனதுக்குள் சண்டையைத் தொடர்வது. "எவ்வளவு திமிரு இருந்தா அப்படிச் சொல்லுவா" என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் 20 நிமிடம் போனாலும் துடிப்பு இறங்காது. அம்மாவுக்குப் போன் போட்டுப் புலம்புவதும் அப்படித்தான். துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மொட்டை மாடியில் நடப்பது போன்றவை உதவும். ரீல்ஸ் பார்ப்பது மனதை மரக்கவைக்குமே தவிர உடம்பைத் தணிப்பதில்லை என்பது என் கணிப்பு.

தணிந்த பிறகு பேச்சு. தம்பதி சிகிச்சைக்காக அமெரிக்காவின் ஹார்வில் ஹெண்ட்ரிக்ஸும் ஹெலன் லகெல்லி ஹண்டும் வகுத்த உரையாடல் முறை எளிது: ஒருவர் பேசுவார், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்வார், அதில் இருக்கும் நியாயத்தை ஒத்துக்கொள்வார், அந்த உணர்வை ஊகித்துச் சொல்வார். அதன் பிறகுதான் முறை மாறும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசக் கூடாது, அதற்கு மேல் போனால் யாராலும் திருப்பிச் சொல்ல முடியாது. அறையில் இது எப்படிப் போகும் என்பதற்கு ஒரு மாதிரி:

"நீங்க ஆஃபீஸ்லேர்ந்து வந்ததும் போனை எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போயிடறீங்க. நான் நாள் முழுக்கக் குழந்தையோட தனியா இருந்துட்டு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்."

"வந்ததும் நான் போனோட பால்கனிக்குப் போயிடறேன். நீ நாள் முழுக்கத் தனியா இருந்துட்டு எனக்காகக் காத்திருக்க. சரியா சொன்னேனா?"

"பாதி சரி. காத்திருக்கறதுகூடப் பரவாயில்லங்க. நான் வீட்ல இருக்கறதே உங்களுக்குத் தெரியலையோன்னு தோணுது."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா..."

இந்த இடத்தில் ஆலோசகர் குறுக்கிடுவார். "பதில் அப்புறம் சொல்லலாம் சார். இப்ப அவங்க என்ன சொன்னாங்க?"

"...வீட்ல நீ இருக்கறதே எனக்குத் தெரியலையோன்னு உனக்குத் தோணுது."

அவள் பதில் சொல்ல மாட்டாள். மூச்சு மட்டும் மாறும். அந்த நேரத்தில் ஆலோசகர் எதையும் விளக்கக் கூடாது. பத்து இருபது நொடி விட்டுவிட்டு, "இதைக் கேட்டதும் உள்ள எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்கலாம். பிறகு கணவர் முறை வரும்போது, முதல் நாளில் வராத வார்த்தை வரக்கூடும்: "மேனேஜர்கிட்ட வாங்கின திட்டோட வீட்டுக்குள்ள வந்தா உன்மேல எரிஞ்சு விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு. அதான் பால்கனி." ஒருவர் துரத்துவது, மற்றவர் ஒதுங்குவது, ஒதுங்க ஒதுங்கத் துரத்தல் கூடுவது என்ற இந்தச் சுழலை கனடாவில் உளவியலாளர் சூ ஜான்சன் தம்பதி சிகிச்சையின் மையத்தில் வைத்தார். துரத்தலுக்கு அடியில் தனிமையும் ஒதுங்கலுக்கு அடியில் பயமும் இருக்கும். அறிவுரை சொல்லும் ஆலோசகர் "வந்ததும் பத்து நிமிஷம் மனைவிகிட்ட பேசுங்க" என்று அனுப்பிவிடுவார். அவர் இரண்டு நாள் பேசுவார், மூன்றாம் நாள் பால்கனிக்குப் போய்விடுவார், ஏனென்றால் பயம் அப்படியே இருக்கிறது.

வீட்டில் வாரம் இரண்டு தடவை, ஆளுக்கு 10 நிமிடம் இதைப் பழகலாம். குழந்தை தூங்கிய பிறகு, ஆனால் இரவு 10 மணிக்கு மேல் வேண்டாம். களைத்த உடம்புக்குப் பொறுமை இருக்காது. கூட்டுக் குடும்பத்தில் தனி அறை கிடைக்காவிட்டால் நடந்துகொண்டே பேசலாம், பக்கவாட்டில் நடக்கும்போது பலருக்குப் பேச்சு சுலபமாக வருகிறது. பெரிய சண்டையை முதல் மாதம் தொடாதீர்கள். யார் பால் வாங்குவது அளவிலான விஷயத்தில் கை பழகட்டும். திருப்பிச் சொல்லும்போது 'ஆனா' என்ற சொல் வந்தால் அதுவரை கேட்டது அழிந்துவிடும். பேசுகிறவர் 'நீ எப்பவுமே' என்று ஆரம்பித்தாலும் அதே கதிதான், ஒரு குறிப்பிட்ட மாலையைப் பற்றி மட்டும் பேச வேண்டும். சொன்னதை அப்படியே கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பதும் நடக்கும். முதல் இரண்டு வாரம் அது பரவாயில்லை. அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால், கேட்பவர் இன்னும் தணியவில்லை என்று எடுத்துக்கொண்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டும்.

உடம்பும் வீடும் சேர்ந்த கணக்கு

முழுமையான ஆலோசனை என்ற பெயரில் கிரிஸ்டல், ராசிக்கல், எண்ணெய் எல்லாம் விற்கிறார்கள். முழுமை என்று நான் சொல்வது முதல் அமர்விலேயே தூக்கம், சாப்பாடு, மாதவிடாய், மாத்திரை, மது, கடன், வீட்டில் எத்தனை பேர் என்பதை எல்லாம் விசாரிப்பதைத்தான். எரிச்சலும் அசதியும் தைராய்டு குறைவிலும் ரத்த சோகையிலும் பி12 குறைவிலும் வரும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று தூங்குகிறவருக்குப் பகல் முழுக்க முன்கோபம் வரலாம். பிரசவமாகி ஓராண்டுக்குள் இருக்கும் பெண்ணின் அழுகையை 'குடும்பப் பிரச்சினை' என்று எழுதிவிடுவதற்கு முன் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு உண்டா என்று பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பத் தயங்காத ஆலோசகரை நம்பலாம். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து உடனே விலகுங்கள்.

எப்போது கூடாது

அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்கி வைத்தல், போனைச் சோதித்தல் இருக்கும் வீட்டில் தம்பதியை ஒன்றாக உட்கார வைக்கவே கூடாது. மனம் திறந்து பேசு என்று அறையில் அவளைத் தூண்டினால், அவள் சொன்ன உண்மைக்கு இரவு வீட்டில் விலை கொடுப்பாள். அங்கே வேலை பாதுகாப்புத் திட்டம்: 181 பெண்கள் உதவி எண், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலர், தனி ஆலோசனை. குடிப்பழக்கம் கட்டுக்குள் இல்லாதபோது முதலில் அதற்கான சிகிச்சை. தற்கொலை எண்ணம் இருந்தால் மூச்சுப் பயிற்சியை நம்பி உட்காராமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986இலிருந்து தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகாவும் இருக்கிறது.

ஆலோசகரைத் தேடும்போது நேராகவே கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கவுன்சலர் என்ற பெயரை ஓரிரு வார வகுப்பு முடித்தவர்களும் போட்டுக்கொள்வதால், எங்கே படித்தார், எத்தனை ஆண்டு, யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று விசாரிப்பது உங்கள் உரிமை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியக் காப்பையும் உரிமையாகத் தருகிறது. தம்பதியாகப் போகிறீர்கள் என்றால் தனித்தனியாகச் சொல்வதை எப்படிக் கையாள்வீர்கள் என்று கேளுங்கள். முதல் அரை மணி நேரத்திலேயே யார் பக்கம் தப்பு என்று சொல்லிவிடுகிறவரிடம் இரண்டாம் தடவை போக வேண்டாம். முதல் 6 முதல் 8 வாரம் வாரம் ஒரு முறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு 3 மாதம் கழித்து ஒன்று என்பது நியாயமான ஏற்பாடு. நான்காவது அமர்வில் நின்று, இதுவரை எது மாறியிருக்கிறது என்று மூவரும் சேர்ந்து பாருங்கள். ஒன்றுமே மாறவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். நல்ல ஆலோசகர் முறையை மாற்றுவார், அல்லது பொருத்தமான இன்னொருவரிடம் அவரே அனுப்பிவைப்பார்.